சதுப்புக்குக் கஞ்சி போட்டவர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேண்டுமானால் தலையில் அடித்தே சொல்லலாம். யார் தலையில் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கதை சொல்கிறவர்கள் ஒன்றைப் பத்தாக்குவார்கள் என்று ஒரு கெட்ட பெயர் உண்டு. இங்கே அந்த வேலை கிடையாது. சில இடங்களில் நடந்தது பத்து. கேட்கிறவர்கள் மிரண்டுவிடக் கூடாதே என்று ஒன்றாகக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

லாண்டரிக்காரருக்குத் தெருவில் பளிச்சு என்று பெயர். அழுக்கைக் கண்டால் அவருக்கு ஆகாது. கடைக்கு வரும் சில்லறையைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைத்து, காயவைத்த பிறகுதான் கல்லாவில் போடுவார். ஒரு மழை நாளில் வாசலில் ஒதுங்கி நின்ற பக்கத்து வீட்டு ஆட்டைத் துணி மூட்டை என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் துவைத்துவிட்டார். ஆட்டுக்காரி வந்து, "என் ஆடு பழுப்பு, இது வெள்ளை, இது எவ ஆடோ" என்று ஒரு வாரம் சண்டை போட்டாள். ஆடு என்னவோ அதே ஆடுதான். தான் பிறவியிலேயே பழுப்பு இல்லை என்பது அன்றைக்குத்தான் ஆட்டுக்கே தெரிந்தது.

வீடும் கடையும் ஒன்றே. முன்னால் இஸ்திரி மேஜை. அதன் முன்னால் நாள் முழுக்க நிற்பவர் பளிச்சு மனைவியின் தம்பி. மீசை வைத்த ஆள். தெருவுக்கே அவர் இஸ்திரி மாப்பிள்ளை. நடுவில் ஓர் அறை. சமையல், தூக்கம், சண்டை மூன்றும் அங்கேதான். பின்னால் வெந்நீர் அண்டா, துவைக்கிற கல், கிணறு, துணிக்கொடிகள். துணிக்குக் கஞ்சி போடுவது மனைவியின் இலாகா. அதனால் அவளுக்குக் கஞ்சியக்கா என்று பெயர். அவள் கஞ்சி போட்ட சட்டை ஆள் இல்லாமலே நிற்கும். பேச்சும் கொஞ்சம் அப்படித்தான், மடிந்து கொடுக்காது.

கொடிகளுக்கு அந்தப் பக்கம் சதுப்பு, அதை ஒட்டி ஆறு. ஆள் உயர நாணல், அடியில் குழைந்த கருஞ்சேறு, தவளை, நத்தை, தட்டான், கொக்கு. தெருச் சாக்கடை முழுக்க அதன் மேல்முனையில் போய் விழும். கீழ்முனையில், பளிச்சு வீட்டுக் கிணற்றுப் பக்கம் வந்து சேரும்போது அதே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். நடுவில் அதற்கு என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை. சதுப்புக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை. ஆகவே அது வேலை செய்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் வீட்டுக்கு வீடு சலவை மெஷின் வந்துவிட்டது. கடைக்கு வரும் மூட்டை இளைத்துக்கொண்டே போயிற்று. பளிச்சின் அண்ணன் வெளியூரிலிருந்து ஒருநாள் வந்தார். அவர் வைத்திருந்தது கரிக்கடை.

"எதுக்குடா இந்தப் பொழப்பு? கடைய மூடிட்டு குடும்பத்தோட எங்கிட்ட வந்துடு. கரி அள்ள ஆளில்லாம தவிக்கிறேன்" என்று சொல்லித் தம்பியின் தோளில் அன்பாகக் கையை வைத்தார். அவர் போன பிறகும் அந்தக் கை சட்டையில் இருந்தது. ஐந்து விரலும் தெளிவாக. பளிச்சு அந்தச் சட்டையைக் கழற்றிக் கல்லில் போட்டு அடித்த சத்தம் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டது.

இந்த நேரத்தில்தான் ஓட்டல் மேனேஜர் வந்தார். புதிதாகத் திறந்த பெரிய ஓட்டல். மேனேஜர் தொப்பியிலிருந்து செருப்புவரைக்கும் வெள்ளை. கடை நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். பளிச்சுக்கு அப்போதே அவர்மேல் பக்தி வந்துவிட்டது.

"விரிப்பு, தலகாணி உறை, துண்டு எல்லாமே உங்களுக்குத் தரேன். வேலைல குறையில்லன்னு கேள்விப்பட்டேன். ஆனா துவைக்கிற இடம் சுத்தமா இருக்கணும். முன்னாலயும் சரி, பின்னாலயும் சரி. மழைக்கு முன்னால ஒரு நா வந்து பாப்பேன்" என்றார்.

அவர் போன உடனே பளிச்சு பின்கட்டுக்குப் போய் நின்றார். சதுப்பில் ஒரு குமிழி மெதுவாக எழுந்து, 'பொளக்' என்று வெடித்தது.

"இதத் துவைச்சாகணும்" என்றார் பளிச்சு.

கஞ்சியக்கா அண்டாவிலிருந்து நிமிர்ந்தாள். "எத?"

"இதத்தான்."

"அது சதுப்புங்க."

"அதான் சொல்றேன். எத்தனை வருஷ அழுக்கு பாரு. ஒரு நாளாவது யாராவது தண்ணி ஊத்தி அலசிருப்பாங்களா?"

"தண்ணியிலயேதான கெடக்கு?"

"ஊறப் போட்டா மட்டும் போதுமா? கசக்க வேணாமா?"

கஞ்சியக்கா இஸ்திரி மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். "டேய் தம்பி, இங்க வா. உங்க மாமாவுக்கு வெயில் மண்டைல ஏறிடுச்சு."

மாப்பிள்ளை வந்து பார்த்தார். மீசையைத் தடவினார். "ஏன் மாமா, இத எந்தக் கொடியில காயப் போடுவீங்க?"

"நீ பேசாம உள்ள போ மாப்ள. கரிக்கடைல உனக்கும் ஒரு கூடை காத்திருக்கு."

மாப்பிள்ளை உள்ளே போய்க் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மண்வெட்டியோடு வந்தார்.

முதலில் கீழ்முனைக் கரையை வெட்டித் தண்ணீரை ஆற்றுக்கு விட்டார்கள். அது போன வேகத்தைப் பார்த்து, விட்டால் போதும் என்று இத்தனை நாள் காத்திருந்தது என்று பளிச்சு நினைத்துக்கொண்டார். பிறகு நாணலை வேரோடு பிடுங்கினார்கள். தவளைகள் மூட்டை முடிச்சோடு கிளம்பித் தெருவழியாகப் போயின. கடைசியாகப் போன பெரிய தவளை கடை வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்ததாகக் கஞ்சியக்கா சொல்வாள். சேறு காய்ந்ததும் பளிச்சு சலவைச் சோடா தூவித் தென்னை நார் பிரஷ்ஷால் தேய்த்தார். பிளீச்சிங் பவுடர் போட்டார். அலசினார். கடைசி அலசலுக்கு நீலம் போட்டார். அதிலும் மனம் நிறையவில்லை.

"கஞ்சி ஒண்ணு போட்டா எடுப்பா இருக்கும்."

"என் கைக் கஞ்சி சேத்துக்குக் கெடையாது" என்றாள் கஞ்சியக்கா. "அதையும் நீங்களே காய்ச்சிக்குங்க."

காய்ச்சினார். ஊற்றினார். வெயில் பட்டதும் சதுப்பு விறைத்துக்கொண்டு, வெள்ளை மேஜைவிரிப்பு விரித்த மாதிரி ஆகிவிட்டது. ஓரத்தில் சுருங்கியிருந்த இடங்களை மாப்பிள்ளை இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்து தேய்த்து மடிப்பு எடுத்துக் கொடுத்தார். வழக்கம்போல் வந்திறங்கிய கொக்கு ஒற்றைக் காலில் நின்று இடம் வலம் பார்த்தது. அதுவரை அந்த வட்டாரத்தில் தான்தான் வெள்ளை என்று அது நினைத்திருந்தது. தூக்கி வைத்திருந்த காலைக் கீழே வைக்கத் துணிவில்லாமல், அப்படியே பறந்து போயிற்று.

மேனேஜர் வந்து பார்த்தார். "எங்க ஓட்டல் வரவேற்பறைகூட இப்படி இல்லைங்க" என்றார். மறுநாளே விரிப்புகள் வண்டியில் வந்து இறங்கின. அன்றைக்கு ராத்திரி பளிச்சு தூக்கத்தில் சிரித்தார்.

சிரிப்பு அந்த ராத்திரியோடு சரி. சில நாளில் கிணற்றில் வாளி 'டங்' என்றது. அந்தக் கிணறு அப்படி ஒரு சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வாளியைச் சாய்த்து வழித்து எடுத்தால், அடியிலிருந்து மஞ்சளாக, கனத்த தண்ணீர் வந்தது. சோப்பைத் தேய்த்தால் நுரைக்குப் பதில் தயிர் மாதிரி திரிந்தது. காற்று அடித்தால் பின்னாலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பி ஈரத் துணியில் வந்து அப்பியது. போக இடமில்லாத சாக்கடை தெருவிலேயே நின்றது. அதில் கொசு. பிடித்துத் தின்னத் தவளையும் இல்லை, தட்டானும் இல்லை. வளர்ந்த கொசுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரு தலையணை உறையைக் கொடியிலிருந்து தூக்கிக்கொண்டு போனது காற்றா கொசுவா என்பதில் இன்றும் அந்தத் தெருவில் இரண்டு கட்சி உண்டு.

மேனேஜர் ஒரு விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன கலர்?"

"வெள்ளை சார்."

"டீத்தூள் வடிகட்டின துணி மாதிரி இருக்கு. இப்ப சாயம் போடற வேலையும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"தண்ணி கொஞ்சம் கோவமா இருக்கு சார்."

"மழை வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறமும் இதே கலர்ல வந்தா, வேற ஆளப் பாத்துக்குவேன். வருத்தப்படக் கூடாது."

பளிச்சுக்கு அண்ணனின் ஐந்து விரலும் தோளில் மறுபடி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மழைதான் காப்பாற்ற வேண்டும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மழை வந்தது. அது வரைக்கும் எவ்வளவு பெரிய மழை வந்தாலும் நேராகச் சதுப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். இப்போது கஞ்சி போட்டு விறைத்த தரையில் அதற்குப் படுக்க இடமில்லை. வழுக்கிக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்து, நடு அறையைக் கடந்து, முன்கதவு வழியாகத் தெருவுக்குப் போயிற்று. கூடவே ஓட்டல் விரிப்புகளும் போயின. ஒரு விரிப்பில் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்துகொண்டு, வழியனுப்ப வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனது. இஸ்திரி மாப்பிள்ளை மேஜைமேல் ஏறி நின்று கடைசிச் சட்டையை முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

விரிப்புகளைத் தெருக்கோடிவரை துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஊறிய கட்டிலில் மூவரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கஞ்சியக்கா ஒரு விரிப்பைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "ஏங்க, நனைஞ்ச துணிய நாலா மடிச்சு மூலைல வச்சா எத்தன நாள் ஈரமா இருக்கும்?"

"வாரக்கணக்கா இருக்கும். நாத்தம் எடுக்கும்."

"புழிஞ்சு கொடியில போட்டா?"

"ஒரு மணி நேரம். இதப் போய் எங்கிட்ட கேக்கிறியா?"

"பின்னால கெடந்தது மடிச்சு வச்ச ஈரத் துணிங்க. கெணத்துக்கு அதுதான் சொட்டுச் சொட்டா விட்டுட்டு இருந்திருக்கு. நீங்க அதப் புழிஞ்சு, ஒதறி, காயப் போட்டு, கஞ்சியும் போட்டுட்டீங்க. இப்போ அது சொட்டலையேன்னா எப்படிச் சொட்டும்?"

பளிச்சு விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார். பிழிந்தார்.

"சாக்கடைய வடிகட்டினது நாணலு" என்றார் மாப்பிள்ளை. "அதையும் நாமதான் புடுங்கினோம் மாமா."

"நாம என்ன நாம. நான்தான்" என்றார் பளிச்சு. தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். சலவை செய்து வெளுத்த கைகள். "அப்போ மறுபடி அழுக்காக்கணும்ங்கிறியா?"

"ஆமா."

"நானா?"

"வேற யாரு? வெளுத்தவருதான அழுக்காக்கணும்? எனக்கும் தம்பிக்கும்கூட அதுல பழக்கமில்ல."

நல்ல சேறு வாத்துக்காரரிடம்தான் இருந்தது. சதுப்பு இருந்தவரைக்கும் அவர் வாத்துகள் அங்கேதான் மேய்ந்தன. சலவை ஆன பிறகு ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒரு பள்ளத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பளிச்சு கையில் கழுவிய வாளியோடு போய் நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் சேறு வேணும்."

வாத்துக்காரர் காதைக் குடைந்துகொண்டார். "என்னது?"

"சேறுண்ணே."

"யோவ் பளிச்சு, உனக்கா? யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" வாத்துக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர் மாதிரி சப்பணமிட்டு உட்கார்ந்தார். "சரி, எந்த மாதிரி சேறு பாக்கறீங்க? கறுப்பு இருக்கு, சாம்பல் இருக்கு. இது கொஞ்சம் குழகுழன்னு வரும். தொட்டுப் பாருங்க, தொட்டாத்தான் தெரியும்."

பளிச்சு ஒரு விரல் நுனியால் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியில்ல. முழங்கை வரைக்கும் விடணும்."

விட்டார்.

"எப்படி இருக்கு?"

"மெத்துனு இருக்குண்ணே" என்றார் பளிச்சு. அவருக்கே ஆச்சரியம்.

"ஆங். இப்போ மோந்து பாரு."

"அண்ணே, அது மட்டும் வேணாம்."

"சேறு வேணுமா வேணாமா?"

மோந்து பார்த்தார். "சரக்கு நல்லாருக்கு" என்று கரகரத்த குரலில் சொன்னார்.

"உன்னால என் வாத்து முட்டையே போடல, தெரியுமா? ஒவ்வொண்ணும் என்னை மொறைக்குது. சேறு தரேன், நாணல் வேரும் தரேன். ஆனா நீ என்கிட்ட இல்ல, அதுங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

பளிச்சு வரிசையாக எல்லா வாத்திடமும் மன்னிப்புக் கேட்டார். பெரும்பாலானவை மன்னித்துவிட்டன. ஒரு கிழ வாத்து மட்டும் அவர் பேசி முடிப்பதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிவிட்டது. அதனிடம் இரண்டாம் முறை போனார்.

"இன்னொண்ணு" என்றார் வாத்துக்காரர். "வாத்து வரும்போது காலெல்லாம் சேறா வரும். அந்தச் சேத்துலதான் வெதை, நத்தை முட்டை எல்லாம் ஒட்டிட்டு வரும். வாசல்ல நிக்கவச்சு நீ கால் கழுவி விடக் கூடாது. சத்தியம் பண்ணு."

அந்தச் சத்தியத்தைத்தான் அவர் மூன்று தடவை தொடங்கி நாலாவது தடவையில் முடித்தார்.

வேலை தொடங்கியது. வெட்டிய கரையை மாப்பிள்ளை அடைத்தார். விறைத்த தரையைக் கடப்பாரையால் உடைத்தார்கள். கஞ்சி பிடித்த பிடி அப்படி, ஒவ்வொரு கட்டியும் அப்பளம் மாதிரி முறிந்தது. பளிச்சு கூடை கூடையாகச் சேறு சுமந்தார். ஒரு நாள் வெகுநேரமாக ஆளைக் காணோம் என்று கஞ்சியக்கா தேடினால், மனிதர் அண்டாவுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு நாணல் வேராக அலசிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லயே."

"கையில என்ன?"

"நடப் போறதுதான... சும்மா ஒரு அலசு..."

"சோப்பு வேறயா? வைங்க கீழ! டேய் தம்பி, உங்க மாமா சோப்பெல்லாத்தையும் எடுத்துப் பூட்டு!"

பிறகு பெய்த மழை எல்லாம் வந்து, கட்டிலில் சாய்கிற மாதிரிச் சதுப்பில் சாய்ந்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கவில்லை. வாத்துகள் கால் கழுவாமல் வந்தன. அன்றைக்குப் பளிச்சு உள்ளே போய்ப் போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நாணல் முளைத்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். காலையில் நட்ட இடத்தில் மாலையில் மாட்டிய துணியை மறுநாள் ஏணி வைத்துத்தான் எடுக்க முடிந்தது. சாக்கடை தெருவை விட்டு அதன் பழைய வழியே போய் நாணலுக்குள் நுழைந்தது. தவளைகள் திரும்பி வந்தன. கொசுக்கள் விஷயத்தை அவை பார்த்துக்கொண்டன. ஒரு காலையில் கிணற்றில் வாளி சத்தமில்லாமல் 'மொளுக்' என்று இறங்கிற்று. கஞ்சியக்கா அந்தத் தண்ணீரில் சோப்பைப் போட்டாள். எழுந்த நுரையில் அவள் முகமே தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

அன்றைக்கென்று பார்த்து மேனேஜர் வந்தார்.

கடையில் யாரும் இல்லாததால் நேராகப் பின்கட்டுக்கு வந்தார். தலை முதல் கால்வரை வெள்ளை. எதிரே முழங்கால் அளவு சேற்றில், காதுவரை சேறாக ஓர் ஆள் நாணல் ஊன்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, லாண்டரி ஓனர் எங்க?"

"நான்தான் சார்" என்றது சேறு.

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். சேறு, நாணல், வாத்து, குமிழி. முகம் விரிப்பு மாதிரி வெளுத்தது. "என்னய்யா இது? அன்னிக்கு எப்படி இருந்த இடம்! நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க? போதும். எங்க துணியெல்லாம் இப்பவே கட்டிக் குடுங்க."

"சார், துணியப் பாத்துட்டுப் பேசுங்க சார்" என்று கஞ்சியக்கா கொடியைக் காட்டினாள்.

"இந்த எடத்தப் பாத்த பிறகு துணிய வேற பாக்கணுமா?" மேனேஜர் கோபமாகத் திரும்பினார். திரும்பிய இடத்தில் கிழ வாத்து நின்றுகொண்டிருந்தது. அது நகரவில்லை. மேனேஜர்தான் நகர்ந்தார், ஒரே ஓர் அடி, பின்பக்கமாக.

'பொளக்.'

வெளியே தெரிந்தது அவருடைய வெள்ளைத் தொப்பி மட்டும்தான். பளிச்சும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். சதுப்பு கொஞ்ச நேரம் தர மறுத்தது. பிறகு பெரிய சத்தத்தோடு கொடுத்தது. வந்தவர் யார் என்று அவருடைய தாயாருக்கே அடையாளம் தெரிந்திருக்காது.

"நான் சாயந்தரம் முதலாளியப் பாக்கணும்! இந்த உடுப்பு தவிர..." மேலே சொல்ல முடியாமல் ஒரு நத்தையைத் துப்பினார்.

"கழட்டுங்க சார்" என்றார் பளிச்சு. குரலே மாறியிருந்தது. இத்தனை நாள் அழுக்குக்கு உழைத்த மனிதனுக்குக் கடைசியில் ஒரு அழுக்குத் துணி கிடைத்திருந்தது. "மாப்ள, பெட்டிய சூடாக்கு. ஏய், கஞ்சிய அடுப்புல ஏத்து!"

மேனேஜரை அவருடைய ஓட்டல் விரிப்பிலேயே சுற்றிக் கிணற்றோரம் முக்காலியில் உட்காரவைத்தார்கள். டீ கொடுத்தார்கள். முதலில் அவர் டீயைப் பார்த்தார். பிறகு தண்ணீர் இறைப்பதைப் பார்த்தார். பிறகு, போர்த்தியிருந்த விரிப்பை.

"இது எங்க விரிப்பா?"

"ஆமா சார்."

"இவ்வளவு வெள்ளையாவா வாங்கினோம்?"

"வாங்கும்போது கொஞ்சம் மங்கல் சார்" என்றாள் கஞ்சியக்கா.

எதிரே தாழப் பறந்த தட்டான் ஒன்று அவர் கோப்பை விளிம்பில் உட்கார்ந்தது. அவர் அசையாமல் இருந்தார். காற்றில் நாணல் சரசரத்தது. மேல்முனையில் கறுப்பாக விழுந்துகொண்டிருந்த சாக்கடையையும், காலடியில் கல் தெரிய நின்ற தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, அதுதான் இதுவா?"

"அதேதான் சார்."

"நடுவுல யார் வேலை பாக்கறது?"

கஞ்சியக்கா முகவாயால் சேற்றைக் காட்டினாள். மேனேஜர் சேற்றுக்கு லேசாகத் தலையாட்டினார், புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கு ஆட்டுவதுபோல.

உடுப்பு வந்தது. மடிப்பு விரலை வெட்டும் போலிருந்தது. வெள்ளையைப் பார்க்க முடியாமல் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "என் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி இருந்ததில்ல" என்றார். போட்டுக்கொண்டு கடைவாசல்வரை நடந்தவர் நின்று திரும்பினார்.

"ஓட்டல் துணி மொத்தமும் இனிமே இங்கதான். எங்க ஜன்னல் திரையும் சேர்த்து. ஒரே ஒரு நிபந்தனை."

பளிச்சு கையைக் கட்டிக்கொண்டார். "சொல்லுங்க சார்."

"பின்னால இருக்கிறதத் துவைக்கக் கூடாது."

பளிச்சு அண்ணனுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார், கரிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி. அன்று சாயங்காலம் கஞ்சியக்காவும் மாப்பிள்ளையும் கொடியிலிருந்து விரிப்புகளை எடுத்து மடிக்க, பளிச்சு கரையில் உட்கார்ந்து சேற்றில் காலை விட்டுக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டு வரச் சொல்லி அவள் கூப்பிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றார்.

அந்தச் சதுப்பைப் பார்க்கலாம் என்று இன்றைக்குப் போனால், அந்த இடத்தில் இருப்பது, ஊரில் யாருக்கும் நினைவு தெரிந்த நாளுக்கு முன்பிருந்தே, பஸ் ஸ்டாண்டு. லேசாகத் தூறினாலும் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும்.